அறைத்தோழர் பொதுப்பொருள் பிணக்கு

அறைத்தோழர் பொதுப்பொருள் பிணக்கு என்பது, உறவினர் அல்லாத இருவரோ பலரோ வாடகையைப் பகிர்ந்து ஒரே அறையிலோ வீட்டிலோ வாழும்போது, அங்குள்ள கட்டில், மேசை, நாற்காலி, பீரோ, குளிர்சாதனப் பெட்டி, எரிவாயு அடுப்பு போன்ற வீட்டுப் பொருட்கள் யாருக்கு உரியவை என்பது குறித்து எழும் முரண்பாடு ஆகும். இப்பிணக்கு பெரும்பாலும் ஒருவர் அறையை விட்டு வெளியேறும்போது வெளிப்படுகின்றது. பொருளின் மதிப்பு சில ஆயிரம் ரூபாயாக இருந்தாலும், மாணவர்களுக்கும் குறைந்த ஊதியம் பெறும் இளம் தொழிலாளர்களுக்கும் அது ஒரு மாத வருமானத்தின் பெரும்பகுதியாக இருக்கக்கூடும். பேச்சில் முடியவேண்டிய பிணக்கு காவல் நிலையத்தில் திருட்டுப் புகாராக மாறுவதும் உண்டு.

இந்தியாவில் இப்பிணக்குக்கென்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. சொத்து, ஒப்பந்தம், பொருள் விற்பனை, குற்றவியல், நடைமுறை ஆகியவற்றைப் பற்றிய பொதுச் சட்டங்களே இதற்கும் பொருந்துகின்றன. ஒரு பொருளை எப்படி நியாயமாகப் பங்கிடுவது என்ற வினா கணிதத்திலும் ஆராயப்பட்டுள்ளது.

பின்னணி

கல்விக்காகவும் வேலைக்காகவும் சொந்த ஊரை விட்டு வரும் இளைஞர்கள் அறையைப் பகிர்ந்து வாழ்வது தமிழகத்தில் நெடுங்காலமாக உள்ள வழக்கமாகும். சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள மேன்ஷன்கள் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. மேன்ஷன் அறைகளில் கட்டிலும் மேசையும் பெரும்பாலும் கட்டட உரிமையாளருக்கு உரியவை என்பதால் அங்கு இப்பிணக்கு குறைவு. வெறும் வீட்டை வாடகைக்கு எடுத்து, நால்வர் சேர்ந்து ஒவ்வொரு பொருளாக வாங்கி நிரப்பும் இடங்களிலேயே இது அதிகம் எழுகின்றது.

திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திரப் பிரதேச எல்லைக்கு அருகே அமைந்துள்ள திருத்தணி போன்ற சிறு நகரங்களிலும் இத்தகைய வாழ்க்கைமுறை காணப்படுகின்றது. முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றான மலைக்கோயிலால் அறியப்படும் இந்நகரில் அரசு கலைக் கல்லூரி ஒன்று உண்டு. சுற்றுவட்டாரத்தில் விசைத்தறி நெசவு முக்கியத் தொழிலாகும். அரக்கோணம் வழியாகச் சென்னைக்குப் புறநகர் மின்தொடர் வண்டிகள் செல்கின்றன. எல்லைக்கு இருபுறமிருந்தும் மாணவர்களும் தொழிலாளர்களும் வந்து தங்கும் இத்தகைய ஊர்களில், அறையை விட்டுச் செல்பவர் பொருளுடன் வேறு மாநிலத்திற்குச் சென்றுவிட வாய்ப்பு உள்ளது. இதனால் எழும் நீதிமன்ற எல்லைச் சிக்கல் கீழே தனியாக விளக்கப்பட்டுள்ளது.

பொருட்களின் வகைகள்

ஓர் அறையில் உள்ள பொருட்களை உரிமையின் அடிப்படையில் ஐந்து வகைகளாகப் பிரிக்கலாம்.

1. தனியுரிமைப் பொருள்: ஒருவர் தன் பணத்தில் வாங்கியது, அல்லது அவருக்குப் பெற்றோர் கொடுத்தது. மற்றவர்கள் அதைப் பயன்படுத்த அனுமதி பெற்றிருக்கலாம்; உரிமை பெற்றவர்கள் அல்லர்.

2. கூட்டுரிமைப் பொருள்: பலர் பணம் போட்டு வாங்கியது.

3. வீட்டு உரிமையாளரின் பொருள்: வீட்டுடன் சேர்த்து வாடகைக்கு விடப்பட்ட மின்விசிறி, அலமாரி, வெந்நீர்க் கலன் முதலியன.

4. வாடகைப் பொருள்: அறைக்கலன் வாடகைக்கு விடும் நிறுவனத்திடமிருந்து மாத வாடகைக்குப் பெற்றது. இதை அறைத்தோழர் எவரும் பங்குபோட இயலாது. வாடகை ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவரே நிறுவனத்திற்குப் பொறுப்பாளி.

5. வைப்புத்தொகைப் பொருள்: எரிவாயு உருளை இதற்கு எடுத்துக்காட்டு. உருளை எண்ணெய் நிறுவனத்திற்கே உரியது. இணைப்பைப் பெற்றவர் கட்டியது வைப்புத்தொகை மட்டுமே. எனவே நால்வர் பணம் போட்டு ஒருவர் பெயரில் இணைப்பு வாங்கியிருந்தால், பங்கிடப்பட வேண்டியது உருளை அன்று. இணைப்பை ஒப்படைக்கும்போது திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகையே ஆகும். அடுப்பு மட்டும் கூட்டுரிமைப் பொருளாகும்.

பிணக்கு எழும் சூழல்கள்

பங்கு கைமாறுதல்: வெளியேறும் ஒருவர், தன் இடத்திற்கு வரும் புதியவரிடம் வாடகை முன்பணத்தில் தன் பங்கையும் பொருட்களுக்கான ஒரு தொகையையும் பெற்றுக்கொண்டு செல்வது பரவலான வழக்கம். இவ்வாறு மூன்று, நான்கு முறை ஆட்கள் மாறிய பின்னர், பொருளை முதலில் வாங்கியவர்கள் எவரும் அறையில் இருப்பதில்லை. விற்பனைச்சீட்டு ஒருவர் பெயரிலும், பொருள் மற்றவர் கையிலும், பணம் கொடுத்த நினைவு மூன்றாமவரிடமும் இருக்கும்.

பண்டமாற்றுக் கணக்கு: ஒருவர் குளிர்சாதனப் பெட்டியையும் மற்றவர் துணி துவைக்கும் இயந்திரத்தையும் வாங்கி இருவரும் இரண்டையும் பயன்படுத்துவர். இது கூட்டுரிமையா, இரண்டு தனியுரிமைகளா என்பது வாங்கும்போது பேசப்பட்டிருக்காது.

தவணைக் கொள்முதல்: ஒருவர் பெயரில் தவணைக் கடன் இருக்க, மற்றவர்கள் மாதந்தோறும் அவருக்குப் பங்கு கொடுப்பர். இடையில் ஒருவர் விலகினால், கட்டிய தவணை பொருளின் விலையா, பயன்படுத்தியதற்கான வாடகையா என்ற கேள்வி எழும்.

நிலுவைத் தொகை: வாடகையோ மின்கட்டணமோ பாக்கி வைத்துச் செல்பவரின் பொருட்களை மற்றவர்கள் பிடித்து வைத்துக்கொள்வர்.

சேதம்: பொதுப்பொருள் ஒருவரது கவனக்குறைவால் பழுதடையும்போது செலவை யார் ஏற்பது என்பது குறித்த சச்சரவு.

இந்தியச் சட்டத்தில்

உரிமையைத் தீர்மானித்தல்

அசையும் பொருளை விலைக்கு வாங்கும்போது உரிமை எப்போது கைமாறுகின்றது என்பதைப் பொருள் விற்பனைச் சட்டம், 1930 கூறுகின்றது. பொதுவாக, வாங்குபவருக்கும் விற்பவருக்கும் உள்ள எண்ணமே இதை முடிவு செய்யும். விற்பனைச்சீட்டில் உள்ள பெயர் வலுவான சான்று. ஆனால் அதுவே முடிவானது அன்று. நால்வர் பணம் போட்டதை மற்ற சான்றுகளால் நிறுவ முடிந்தால், சீட்டில் ஒரு பெயர் இருப்பதால் மட்டும் அப்பொருள் அவருக்கே உரியதாகிவிடாது.

கொடையைப் பொறுத்தவரை, சொத்து மாற்றுச் சட்டம், 1882-இன் 123-ஆம் பிரிவின்படி அசையும் பொருளைப் பதிவு செய்த ஆவணத்தாலோ, பொருளை நேரில் ஒப்படைப்பதாலோ கொடையளிக்கலாம். எனவே தந்தை மகனுக்கு அனுப்பிய கட்டில் மகனுக்கே உரியது. "எல்லோரும் பயன்படுத்திக் கொள்ளுங்கள்" என்று அவர் அறைத்தோழர்களிடம் சொல்வது பயன்படுத்த அளிக்கும் அனுமதியே அன்றி, அவர்களுக்கு அளிக்கும் கொடை ஆகாது.

பங்கு விகிதம் குறித்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு ஒரு விதியைத் தருகின்றது. பலர் தத்தம் பணத்தில் சேர்ந்து வாங்கினால், வேறு உடன்பாடு இல்லாதபோது, அவரவர் கொடுத்த தொகையின் விகிதத்தில் பங்கு அமையும். யார் எவ்வளவு கொடுத்தார் என்பதற்குச் சான்று இல்லையெனில் பங்குகள் சமமெனக் கொள்ளப்படும். இப்பிரிவு நேரடியாக அசையாச் சொத்துக்கே உரியது. எனினும் அசையும் பொருட்களுக்கும் இதை ஒரு நியாயமான அளவுகோலாகக் கருதலாம்.

சேர்ந்து வாழ்வதால் கூட்டுரிமை உண்டாகுமா?

ஒரே கூரையின் கீழ் ஒரு பொருளை அனைவரும் பயன்படுத்துவதால் அது அனைவருக்கும் உரியதாகிவிடுமா என்ற வினாவுக்கு மிக முக்கியமான விடை, அறைத்தோழர் வழக்கிலிருந்து அன்றி, ஒரு மணவாழ்க்கை வழக்கிலிருந்து கிடைக்கின்றது. பிரதிபா ராணி எதிர் சூரஜ் குமார் என்னும் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1985-இல் அளித்த தீர்ப்பே அது.

திருமணத்தின்போது பெண்ணுக்கு அளிக்கப்படும் சீதனப் பொருட்கள், அவள் கணவன் வீட்டில் நுழைந்ததும் இருவரின் கூட்டு உடைமையில் வந்துவிடுகின்றன என்ற கருத்தைப் பஞ்சாப்–அரியானா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1982-இல் ஏற்றிருந்தது. உச்ச நீதிமன்றம் இதை மறுத்தது. மணமகன் வீட்டில் வைத்திருப்பதாலோ, குடும்பத்தினர் பயன்படுத்துவதாலோ சீதனம் கூட்டுச்சொத்து ஆகாது என்றும், கேட்டும் திருப்பித் தராத கணவன் மீது நம்பிக்கை மோசடிக் குற்ற வழக்குத் தொடரலாம் என்றும் பெரும்பான்மைத் தீர்ப்புக் கூறியது. மூன்று நீதிபதிகளுள் நீதிபதி அ. வரதராசன் மாறுபட்ட கருத்தைத் தெரிவித்தார். பெரும்பான்மையின் நிலைப்பாடு பின்னர் ரஷ்மி குமார் எதிர் மகேஷ் குமார் பாதா வழக்கிலும் உறுதி செய்யப்பட்டது.

இத்தீர்ப்பு சீதனத்தைப் பற்றியது. ஆயினும் கணவன்–மனைவிக்கு இடையிலேயே சேர்ந்து பயன்படுத்துவது கூட்டுரிமையை உண்டாக்காது எனில், அறைத்தோழர்களுக்கு இடையில் அது உண்டாக்கும் என வாதிடுவது கடினம். மறுபுறம், இந்துத் திருமணச் சட்டம், 1955-இன் 27-ஆம் பிரிவு, திருமணத்தையொட்டி அளிக்கப்பட்டு இருவருக்கும் கூட்டாக உரியதாக உள்ள பொருட்களைப் பற்றி நீதிமன்றம் மணமுறிவு ஆணையிலேயே தீர்மானிக்க வழி செய்கின்றது. அறைத்தோழர்களுக்கு இதற்கு இணையான ஏற்பாடு இல்லை.

கூட்டுரிமையாளரின் உரிமைகள்

கூட்டுரிமையாளர் ஒவ்வொருவருக்கும் பொருள் முழுவதையும் பயன்படுத்தும் உரிமை உண்டு. நான்கு பேரின் குளிர்சாதனப் பெட்டியில் ஒருவருக்கு ஒரு தட்டு மட்டுமே உரியது எனக் கொள்வதில்லை. தன் பங்கை வேறொருவருக்கு மாற்றித் தரவும் அவருக்கு உரிமை உண்டு. மேற்கூறிய பங்கு கைமாறும் வழக்கத்திற்கு இதுவே சட்ட அடிப்படை. ஆனால் மற்றவர்களின் பங்கை விற்க அவருக்கு உரிமை இல்லை.

இதற்கு ஒரு முக்கிய விதிவிலக்கு உள்ளது. பொருள் விற்பனைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி, மற்றவர்களின் அனுமதியுடன் பொருளைத் தனியாகத் தன் கையில் வைத்திருக்கும் கூட்டுரிமையாளர் அதை விற்றால், அவருக்கு விற்கும் அதிகாரம் இல்லை என்பதை அறியாமல் நல்லெண்ணத்துடன் வாங்கியவருக்கு முழு உரிமையும் சென்றுவிடும். விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும் மூவர் நான்காமவரை நம்பிப் பொருளை விட்டுச் சென்று, அவர் அதைப் பழைய பொருள் வாங்கும் கடையில் விற்றுவிட்டால், கடைக்காரரிடமிருந்து பொருளை மீட்பது அரிது. விற்றவரிடம் பணத்தை மட்டுமே கேட்க இயலும்.

குதிரை எடுத்துக்காட்டு

கூட்டுரிமைப் பொருளை ஒருவர் எடுத்துச் செல்வது குற்றமா என்பதற்கு 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 403-ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு தரப்பட்டது. இருவருக்குக் கூட்டாக ஒரு குதிரை உரியது. ஒருவர் அதை மற்றவரிடமிருந்து பயன்படுத்துவதற்காக எடுத்துச் செல்கிறார். பயன்படுத்த அவருக்கு உரிமை இருப்பதால் இது கையாடல் அன்று. ஆனால் அவர் குதிரையை விற்று, கிடைத்த பணம் முழுவதையும் தானே வைத்துக்கொண்டால் குற்றவாளி ஆகிறார்.

2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, 2023-இன் 314-ஆம் பிரிவிலும் இதே எடுத்துக்காட்டு தொடர்கின்றது. புதிய சட்டத்தில் இக்குற்றத்திற்குக் குறைந்தது ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதிக்கப்படும். பழைய சட்டத்தில் குறைந்தபட்சச் சிறை என்ற வரம்பு இருக்கவில்லை. குதிரைக்குப் பதிலாகத் துணி துவைக்கும் இயந்திரத்தை வைத்துப் பார்த்தால் அறைத்தோழர் நிலை தெளிவாகும். எடுத்துச் சென்று பயன்படுத்துவது உரிமையியல் பிணக்கு. விற்று முழுப்பணத்தையும் வைத்துக்கொள்வது குற்றம். இக்குற்றத்திற்கு நீதித்துறை நடுவரின் ஆணை இன்றிக் காவல்துறை புலனாய்வு செய்ய இயலாது.

மற்றவரின் தனியுரிமைப் பொருளை அவரது இசைவின்றி நேர்மையற்ற எண்ணத்துடன் எடுத்துச் செல்வது திருட்டு ஆகும். நேர்மையற்ற எண்ணம் என்பது இக்குற்றத்தின் இன்றியமையாத கூறு. பொருள் தன்னுடையதே என ஒருவர் உண்மையாக நம்பி எடுத்தால் அவ்வெண்ணம் இல்லாமற் போகின்றது. ஆகவேதான் பெரும்பாலான அறைத்தோழர் பிணக்குகள் திருட்டு வழக்காக நிலைப்பதில்லை. ஆயினும் புகாரில் பெயர் இடம்பெறுவதே வேலைக்கும் கடவுச்சீட்டுக்கும் விண்ணப்பிக்கும் இளைஞருக்கு இடர் விளைவிக்கக்கூடும்.

பாக்கிக்காகப் பொருளைப் பிடித்து வைத்தல்

கடனுக்காக மற்றவரின் பொருளைத் தன்னிடம் நிறுத்தி வைக்கும் உரிமை பற்றுரிமை எனப்படும். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 170-ஆம் பிரிவு, ஒப்படைக்கப்பட்ட பொருளின்மீது உழைப்பையோ திறனையோ செலுத்தியவருக்கு அதற்கான கூலி கிடைக்கும்வரை இவ்வுரிமையை அளிக்கின்றது. கடிகாரம் பழுது பார்ப்பவர் இதற்கு எடுத்துக்காட்டு. 171-ஆம் பிரிவு வங்கியாளர், வணிக முகவர், துறைமுகப் பண்டகக் காப்பாளர், உயர் நீதிமன்ற வழக்குரைஞர், காப்பீட்டுத் தரகர் ஆகியோருக்கு மட்டும் பொதுப் பற்றுரிமை தருகின்றது. அறைத்தோழர் இப்பட்டியலில் இல்லை. எனவே வெளிப்படையான உடன்பாடு இல்லாமல், வாடகை பாக்கிக்காக ஒருவரது கட்டிலையோ மடிக்கணினியையோ பிடித்து வைக்கச் சட்டத்தில் இடமில்லை. பாக்கித் தொகையைத் தனியாகவே கேட்க வேண்டும்.

விட்டுச் சென்ற பொருட்கள்

பொருளை விட்டுச் சென்றதாலேயே ஒருவர் உரிமையைத் துறந்துவிட்டார் என்று கொள்ள முடியாது. அவரது இசைவுடன் மற்றவர் அதை வைத்துக்கொண்டால் அது ஒப்படைப்பு எனப்படும். தம் சொந்தப் பொருளுக்குக் காட்டும் சாதாரண எச்சரிக்கையை அவர் காட்ட வேண்டும் என ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு கூறுகின்றது. பொருளைக் கண்டெடுத்தவர் பற்றிய 169-ஆம் பிரிவு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. உரிமையாளரைத் தக்க முயற்சிக்குப் பின்னும் கண்டுபிடிக்க முடியாதபோது அல்லது அவர் உரிய செலவைத் தர மறுக்கும்போது, பொருள் அழியும் நிலையில் இருந்தாலோ, செலவு அதன் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கை எட்டினாலோ மட்டுமே விற்க அப்பிரிவு அனுமதிக்கின்றது. எழுத்து மூலம் அறிவித்து, நியாயமான கால அவகாசம் கொடுத்த பின்னரே அப்பொருளை அகற்றுவது பாதுகாப்பானது.

சான்று

ஒரு பொருள் யாருடைய கையில் உள்ளதோ அவர் அதன் உரிமையாளர் அல்லர் என்று கூறுபவரே அதை நிறுவ வேண்டும். இவ்விதி இந்தியச் சாட்சியச் சட்டம், 1872-இன் 110-ஆம் பிரிவில் இருந்தது. இப்போது பாரதிய சாட்சிய அதினியம், 2023-இன் 113-ஆம் பிரிவில் உள்ளது. இதன் விளைவாக, பொருளை வைத்திருப்பவருக்குத் தொடக்கத்திலேயே ஒரு சாதகம் உண்டு. அறையில் பொருள் அனைவரின் கையிலும் இருப்பதால் இச்சாதகம் எவருக்கும் இல்லை. ஒருவர் எடுத்துச் சென்றதும் அதை அவர் கோரத் தொடங்குவார்.

விற்பனைச்சீட்டு, உத்தரவாத அட்டை, வங்கிக் கணக்கு அறிக்கை, கைப்பேசி வழிப் பணப்பரிமாற்றப் பதிவு, வாட்சப் உரையாடல் ஆகியன பயனுள்ள சான்றுகளாகும். மின்னணுப் பதிவின் படியை நீதிமன்றத்தில் அளிக்கும்போது உரிய சான்றிதழையும் இணைக்க வேண்டும்.

தீர்வுகளும் காலவரம்பும்

தனக்குரிய குறிப்பிட்ட அசையும் பொருளை மீட்க, 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்கீழ் உரிமையியல் வழக்குத் தொடரலாம். தீர்ப்பாணையில், பொருளை ஒப்படைக்க இயலாவிடில் செலுத்த வேண்டிய பணத்தையும் நீதிமன்றம் குறிப்பிடும். கூட்டுரிமைப் பொருளாயின் பாகப்பிரிவினை கோரலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத் தொகுப்பு அசையும் பொருட்களின் பாகப்பிரிவினைக்கும் இடமளிக்கின்றது.

காலவரம்புச் சட்டம், 1963-இன்படி அசையும் பொருளை மீட்கும் வழக்குக்கு மூன்று ஆண்டுகள் காலவரம்பு உண்டு. பொருள் தவறாக எடுக்கப்பட்டிருந்தால் எடுத்த நாளிலிருந்தும், கையாடப்பட்டிருந்தால் அது யாரிடம் உள்ளது என அறிந்த நாளிலிருந்தும், பாதுகாப்புக்காகக் கொடுத்து வைத்திருந்தால் கேட்டு மறுக்கப்பட்ட நாளிலிருந்தும் இது கணக்கிடப்படும்.

பணம் கோரி வென்றாலும் அதை நிறைவேற்றுவதில் ஒரு வரம்பு உள்ளது. கடனாளியின் தேவையான உடைகள், சமையல் பாத்திரங்கள், கட்டில், படுக்கை ஆகியவற்றைப் பற்றுகை செய்யக்கூடாது என நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு காக்கின்றது.

வழக்குச் செலவு பொருளின் மதிப்பை எளிதில் விஞ்சிவிடும் என்பதால், சட்டப்பணிகள் ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றம் பெரும்பாலும் பொருத்தமானது. வழக்குத் தொடரும் முன்னரே பிணக்கை அங்குக் கொண்டு செல்லலாம். சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன்படி அங்கு ஏற்படும் சமரசத் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது. அதன்மீது மேல்முறையீடு இல்லை.

மாநில எல்லையும் நீதிமன்ற எல்லையும்

திருத்தணியில் அறையைப் பகிர்ந்த ஒருவர் பொதுப்பொருளுடன் ஆந்திரப் பிரதேசத்தின் நகரிக்கோ புத்தூருக்கோ சென்றுவிட்டால் வழக்கை எங்குத் தொடருவது? அசையும் பொருளுக்கு இழைக்கப்பட்ட தீங்குக்கான இழப்பீட்டு வழக்கை, தீங்கு நிகழ்ந்த இடத்திலோ எதிராளி வாழும் இடத்திலோ, வாதியின் விருப்பப்படி தொடரலாம் என நடைமுறைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு கூறுகின்றது. பிற வழக்குகளுக்கு எதிராளி வாழும் இடம் அல்லது வழக்கின் காரணம் எழுந்த இடம் அடிப்படையாகும் (20-ஆம் பிரிவு). எனவே எல்லை தாண்டிச் சென்றதால் மட்டும் உரிமை அற்றுவிடுவதில்லை. திருத்தணி நீதிமன்றத்தில் பெற்ற தீர்ப்பாணையை நிறைவேற்றத்திற்காக மறு மாநில நீதிமன்றத்திற்கு மாற்றவும் வழி உள்ளது.

திருத்தணியே ஒரு பாகப்பிரிவினையின் விளைவாகத் தமிழகத்தில் சேர்ந்த ஊராகும். 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்துடன் இப்பகுதி ஆந்திரத்தில் அமைந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்திற்குப் பின், 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்தின்படி திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி 1960 ஏப்ரல் 1 அன்று அப்போதைய சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. சேர்ந்து வாழ்ந்தவர்கள் பிரியும்போது பொருள் யாருக்கு என்ற வினா மாநிலங்களுக்கும் எழுகின்றது. 2014-ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேச மறுசீரமைப்புச் சட்டம், அரசின் நிலங்களையும் சரக்குகளையும் பொதுவாக அவை இருக்கும் இடத்தைக் கொண்டே பிரித்தது. அறைத்தோழர் பிணக்கில் இவ்விதி பொருந்தாது. அங்குப் பொருள் இருக்கும் இடம் சான்றாகலாமே தவிர உரிமையாகாது.

வரலாற்றிலும் பிற நாடுகளிலும்

உரோமைச் சட்டத்தில் கூட்டுரிமைப் பொருளைப் பிரிக்கக் கோரும் தனி வழக்குவகை இருந்தது. யுசுத்தினியான் பேரரசரின் சட்டத் தொகுப்பில் இது பற்றித் தனித் தலைப்பு உள்ளது. விருப்பமில்லாத எவரையும் கூட்டுரிமையில் நீடிக்கக் கட்டாயப்படுத்த முடியாது என்பது அதன் அடிப்படைக் கொள்கை.

இந்திய மரபுச் சட்ட நூல்கள் வேறொரு கோணத்தில் சிந்தித்தன. உடை, வாகனம், அணிகலன், சமைத்த உணவு, நீர் முதலியவற்றைப் பிரிக்கலாகாதவை என மனு நூல் பட்டியலிடுகின்றது. துண்டாக்கினால் பயனற்றுப் போகும் பொருள், ஒருவரின் அன்றாடப் பயன்பாட்டோடு ஒட்டிய பொருள் ஆகியவற்றைப் பாகத்திற்கு வெளியே வைக்கும் எண்ணம் இதில் தெரிகின்றது.

செருமனியின் உரிமையியல் சட்டத் தொகுப்பு, கூட்டுரிமையாளர் எவரும் எப்போது வேண்டுமானாலும் கூட்டுரிமையை முடித்துக்கொள்ளக் கோரலாம் என்கிறது. பொருளைப் பிரிக்க முடிந்தால் பிரித்தும், முடியாவிடில் விற்றும் பங்கிட வேண்டும். இங்கிலாந்தில் 1925-ஆம் ஆண்டின் சொத்துச் சட்டம், பாதி அல்லது அதற்கு மேல் பங்குடையவர் அசையும் பொருளைப் பிரிக்குமாறு நீதிமன்றத்தை அணுக வழி செய்கின்றது. அங்குள்ள 1977-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, பொருளை அழித்தோ விற்றோ விட்ட ஒருவர் "நானும் கூட்டுரிமையாளன்" என்று கூறித் தப்ப முடியாது. இலங்கையில் 1988-ஆம் ஆண்டின் 72-ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட மத்தியஸ்த சபைகள் சிறு பிணக்குகளைச் சமரசமாகத் தீர்த்து வருகின்றன.

நியாயமான பங்கீட்டு முறைகள்

வெட்டித் தேர்தல்: இருவர் மட்டும் இருக்கும்போது, ஒருவர் எல்லாப் பொருட்களையும் இரண்டு குவியல்களாகப் பிரிக்க, மற்றவர் தமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுப்பார். பிரிப்பவர் சமமாகப் பிரிக்காவிட்டால் இழப்பு அவருக்கே.

சீட்டுக் குலுக்கல்: பொருட்கள் ஏறத்தாழ ஒரே மதிப்புடையவையாயின், சீட்டுக் குலுக்கி வரிசையை முடிவு செய்து ஒவ்வொருவரும் ஒரு பொருளாக எடுக்கலாம். இரண்டாம் சுற்றில் வரிசையைத் திருப்பினால் முதலில் எடுத்தவரின் சாதகம் குறையும்.

மூடிய விலைக்கோரல்: போலந்துக் கணிதவியலாளர் புரோனிசுவாவ் கினாசுட்டர் வகுத்த முறை இது. இவரும் ஊகோ இசுட்டைன்கவுசும் 1940-களில் நியாயப் பங்கீட்டுக் கணிதத்திற்கு அடித்தளமிட்டனர். பிரிக்க இயலாத பொருளுக்கு இம்முறை மிகப் பொருத்தமானது.

எடுத்துக்காட்டாக, மூவருக்குச் சமப் பங்குள்ள ஒரு குளிர்சாதனப் பெட்டியைக் கொள்க. ஒவ்வொருவரும் அது தமக்கு எவ்வளவு மதிப்புடையது என்பதை மற்றவருக்குத் தெரியாமல் எழுதுகின்றனர்: அ – ரூ. 9,000, ஆ – ரூ. 7,500, இ – ரூ. 6,000. அவரவர் மதிப்பீட்டின்படி மூன்றில் ஒரு பங்கு முறையே ரூ. 3,000, ரூ. 2,500, ரூ. 2,000 ஆகும். அதிக விலை எழுதிய அ-வுக்குப் பெட்டி செல்கின்றது. தம் பங்கான 3,000 போக மீதி ரூ. 6,000-ஐ அவர் பொதுவில் வைக்கிறார். அதிலிருந்து ஆ 2,500-உம் இ 2,000-உம் எடுத்துக்கொள்கின்றனர். மிஞ்சும் ரூ. 1,500-ஐ மூவரும் தலா 500 எனப் பிரித்துக்கொள்கின்றனர். முடிவில் அ ரூ. 5,500 கொடுத்துப் பெட்டியைப் பெறுகிறார்; ஆ ரூ. 3,000-உம் இ ரூ. 2,500-உம் பெறுகின்றனர். ஒவ்வொருவரும் தாம் நியாயமெனக் கருதிய பங்கைவிட ரூ. 500 அதிகம் பெறுவது இம்முறையின் சிறப்பு.

இம்முறைக்குக் குறைபாடும் உண்டு. கையில் பணம் உள்ளவர் பொருளைப் பெறவும், பணமில்லாதவர் தமக்குத் தேவையான பொருளையே விட்டுக்கொடுக்கவும் நேரலாம். தொகையைத் தவணையில் செலுத்த இசைவதன்மூலம் இதை ஓரளவு சரிசெய்யலாம்.

தேய்மான மதிப்பு: ஒருவர் தம் பங்கை மற்றவர்களுக்கு விட்டுச் செல்லும்போது, வாங்கிய விலையிலிருந்து தேய்மானத்தைக் கழித்துக் கணக்கிடலாம். வருமானவரி விதிகளில் அறைக்கலன்களுக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடும் கணினிக்கு 40 விழுக்காடும் தேய்மானம் கணக்கிடப்படுகின்றது. இதன்படி ரூ. 20,000 விலையுள்ள கட்டில் மூன்று ஆண்டுகளுக்குப் பின் ரூ. 14,580 மதிப்புடையது. பழைய பொருள் சந்தையில் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும் என்பதால், அதற்குக் குறைவான ஒரு விலையில் உடன்படுவதே நடைமுறைக்கு உகந்தது.

தவிர்க்கும் வழிகள்

வாய்மொழி உடன்பாடும் சட்டப்படி செல்லும்; ஆனால் அதை நிறுவுவது கடினம். பின்வருவனவற்றைப் பொருள் வாங்கும்போதே எழுதி வைப்பது பிணக்கைப் பெரிதும் தவிர்க்கும்.

* பொருளின் பெயர், விலை, வாங்கிய நாள், யார் எவ்வளவு கொடுத்தார் என்னும் விவரம்.
* தனியுரிமைப் பொருட்களின் பட்டியலும், வீட்டு உரிமையாளரின் பொருட்களின் பட்டியலும் தனித்தனியாக.
* வெளியேறுபவரின் பங்கை எந்தக் கணக்கில், எத்தனை நாட்களுக்குள் தருவது என்ற விதி.
* புதியவர் பங்கு வாங்கும்போது பழையவர், புதியவர், மற்ற அறைத்தோழர்கள் ஆகிய அனைவரும் அறியும் வகையில் ஒரு செய்தி.
* பழுது, சேதம் ஆகியவற்றின் செலவை ஏற்கும் முறை.
* வாடகை, மின்கட்டண பாக்கியைப் பொருட்களுடன் கலக்காமல் தனிக் கணக்காக வைத்தல்.

இவற்றுள் எளிமையானது, ஒவ்வொரு பொருளையும் ஒருவரே முழுமையாக வாங்குவதாகும். குளிர்சாதனப் பெட்டியை ஒருவரும் அடுப்பை மற்றவரும் வாங்கி, அவரவர் வாங்கியது அவரவருக்கே என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தால், பிரியும்போது பங்கிட எதுவும் இருக்காது. விலை வேறுபாட்டை மாதச் செலவுக் கணக்கில் ஈடுசெய்து கொள்ளலாம்.

இவற்றையும் பார்க்க

* பாகப்பிரிவினை
* சீதனம்
* மக்கள் நீதிமன்றம்
* வடக்கெல்லைப் போராட்டம்
* திருத்தணி